முத்திரைக்காரரின் எடை

கடைத்தெரு முனையில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெரிந்ததும் அந்தத் தெருவிலுள்ள தராசுகளெல்லாம் திடீரென்று யோக்கியமாகிவிடும். தட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காந்தம் மேசை இழுப்பறைக்குள் போய் ஒளியும். தட்டின் ஓரத்தில் சும்மா ஓய்வெடுப்பது போலக் கிடந்த கடைக்காரரின் கட்டைவிரல் தன் இடத்துக்குத் திரும்பும். அவர் முத்திரை ஆய்வாளர். கடைகளிலுள்ள தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் அரசு முத்திரை குத்துவதும், தப்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு போவதும் அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் என்றோ தூக்கிப் போட்டுவிட்டது. எல்லோருக்கும் அவர் 'முத்திரை'தான். கோபம் வந்தால் மனைவிக்கும்.

அவர் எந்தத் தராசையும் நம்பியதில்லை. ஒரே மகள் பிறந்த அன்று, குழந்தையை நர்ஸ் எடை பார்க்க வைத்தபோது, "கொஞ்சம் எடுங்கம்மா" என்று சொல்லித் தன் பையிலிருந்து அசல் எடைக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தவர் அவர். "முதல்ல பிள்ளையைக் கையில வாங்குங்க சார், அப்புறம் தராசைக் கொஞ்சலாம்" என்றார் நர்ஸ். தராசு சரியாக இருந்தது. அதன் பிறகுதான் மகளை வாங்கிக்கொண்டார்.

அப்படிப்பட்டவரிடம் சிறுநீரக டாக்டர் வந்து, "உங்க ரெண்டு கிட்னியும் வேலையை விட்டுட்டுது" என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்வாரா? "ரத்தம் டெஸ்ட் பண்ற மெஷினைக் கடைசியா எப்போ செக் பண்ணினீங்க மேடம்?" என்று கேட்டார்.

டாக்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கிட்னியைவிட அது நல்ல நிலைமையில இருக்கு சார்."

ஆக, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று முடிவாயிற்று. அந்த மையத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். ஊசி இரண்டைக் கையில் செருகி, ரத்தத்தை வெளியே இழுத்து, அலசி, உள்ளே அனுப்ப நான்கு மணி நேரம் ஆகும். சிறுநீரகம் நின்றுபோனவருக்குக் குடித்த தண்ணீர் வெளியேற வழி கிடையாது, உடம்பிலேயே குடியேறிவிடும். எவ்வளவு குடியேறியிருக்கிறது என்று சொல்லத்தான் வாசலில் ஒரு தராசு. உபரித் தண்ணீர் இல்லாத உடம்பின் கனத்துக்கு உலர் எடை என்று பெயர். அதற்கு மேல் தராசு எவ்வளவு காட்டுகிறதோ, அவ்வளவு தண்ணீரை மெஷின் உறிஞ்சி எடுக்கும். தராசு சொல்வதுதான் வேதவாக்கு. வாழ்நாளெல்லாம் தராசுகளை விசாரித்தவரை ஒரு தராசு விசாரிக்க ஆரம்பித்தது.

பக்கத்து நாற்காலியில் ஒரு மளிகைக்கடைக்காரர். இருவருக்கும் பழைய பழக்கம் உண்டு. ஒரு காலத்தில் அவருடைய கடைத் தராசைக் கைப்பற்றி, தெருவே பார்க்கத் தூக்கிக்கொண்டு போனவர் முத்திரை. முதல் நாள் அவரைக் கண்டதும் மளிகைக்காரர் முகமெல்லாம் பல்லாகி, "வாங்க சார், வாங்க! நம்ம ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வச்சிட்டாங்க பாருங்க" என்றார். முத்திரை எழுந்து ஓட முடியாதபடி அவர் கையில் அதற்குள் ஊசி ஏறியிருந்தது.

இப்படி இருக்கும்போது டாக்டர் அம்மாள் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்தார். தோளில் மாநாட்டுப் பை, நாக்கில் புதிய சொற்கள். இனி வீட்டிலேயே டயாலிசிஸ். நோயாளிதான் தன் சிகிச்சைக்கு எஜமானர். அவரே ஊசி போட்டுக்கொள்வார்; வீட்டு மனுஷர் ஒருவர் கூட இருப்பார்; சின்ன மெஷின் படுக்கை அறையில் நிற்கும். நாலு மணி நேரத்தில் மொத்தமாக உறிஞ்சாமல் வாரத்தில் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதால் இதயத்துக்குச் சிரமம் குறைவு. அவர் சொன்னதில் எள்ளளவும் தப்பில்லை. என்ன, நாற்காலி நாற்காலியாக நின்று, படம் போட்டுக் காட்டி, நோயாளிகள் தூங்குவதுபோல் நடித்தாலும் விடாமல் சொன்னார். "இதுல நோயாளி ஒரு பார்ட்னர்" என்று அவர் முடிக்கும்போதெல்லாம், "லாபத்துல பங்கு உண்டாம்மா?" என்று மளிகைக்காரர் கேட்பார்.

மெஷின் எல்லோருக்கும் கிடையாது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. அதை மூன்று மாதம் காட்ட வேண்டும். நாக்கைக் கட்டத் தெரிந்தவருக்கே வீட்டு மெஷின்.

அது முத்திரைக்கு உயிர்ப் பிரச்சினை. ஏனென்றால் அலுவலகத்தில் அவருடைய மேலதிகாரி ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசிவிட்டார். "வாரத்துல மூணு பகல் ஆஸ்பத்திரியில போகுது. தெருச் சுத்தற வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க கிடங்குல உட்கார வேண்டியிருக்கும். வருஷக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன், அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க." கிடங்கு என்றால் கைப்பற்றிய தராசுகள் தூசி படிந்து கிடக்கும் ஜன்னலில்லாத அறை. முப்பது வருஷம் தெருவை நடுங்க வைத்தவர் அங்கே உட்கார்ந்து எதை நடுங்க வைப்பது, பல்லிகளையா? வீட்டு மெஷின் வந்தால் சாயங்காலம் ரத்தம் சுத்தமாகும். பகல் முழுக்கத் தெரு அவருடையது.

ஆனால் தாகம் இருக்கிறதே, அது பொல்லாதது. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிப் பார்த்தார். அடக்கியவர் ஒன்றோடு நிறுத்தவில்லை. வாய் கொப்பளித்தால் தப்பில்லை என்று கொப்பளித்தார். கொப்பளித்ததில் பாதி வழிதவறி உள்ளே போயிற்று. வழிதவறுவது அடிக்கடி நடந்தது. முதல் வாரமே தராசு முந்நூறு கிராம் அதிகம் காட்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தராசு காட்டுமுன்பே தெரிந்துகொள்வதுதானே அவர் தொழில்.

மையத்துத் தராசில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வரும். தட்டின் மேல் ஏதாவது இருக்கும்போது அழுத்தினால், அந்தப் பொருளின் கனத்தையும் சேர்த்துப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பொருளை எடுத்துவிட்டு ஆள் ஏறினால், ஆளின் எடையில் அத்தனையும் குறையும். எத்தனை கடைகளில் இந்தத் தந்திரத்தைப் பிடித்திருக்கிறார்! எத்தனை பேரை, "வெட்கமா இல்லையாய்யா?" என்று கேட்டிருக்கிறார்! அன்று காலை நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும், சாப்பாட்டு டப்பா இருந்த துணிப்பையைத் தராசில் வைத்தார், பொத்தானை அழுத்தினார், பையை எடுத்தார், ஏறினார். வெட்கம் என்னவோ வரவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்த எடையிலும் அதையே செய்தார். இறங்கியதும் பூஜ்யத்தை ஒழுங்காகத் திருப்பி வைத்தார். நேர்மையான மனிதர், தன் பித்தலாட்டத்தின் மிச்சத்தை அடுத்தவர் உடம்பில் கட்டமாட்டார்.

இந்த வித்தையில் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர் சர்க்கரையில் நூறு கிராம் குறைத்தால், வாங்கியவர் போனதோடு கதை முடிந்தது. இங்கே மறைத்த தண்ணீர் எங்கும் போகாது; உள்ளேயே இருக்கும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அதிகமானால், பழையதையும் மறைக்க வேண்டும், புதியதையும் மறைக்க வேண்டும். அதனால் பை கனத்துக்கொண்டே போயிற்று. டப்பாவோடு ஒரு போர்வை சேர்ந்தது. பிறகு ஒரு ஜோடிச் செருப்பு. இரண்டாம் மாதம் முடிவதற்குள் எடையளவுச் சட்ட விதிகளின் தடித்த புத்தகமும் உள்ளே போயிற்று. அந்தச் சட்டம் அவர் கையில் இவ்வளவு நேரடியாக ஒருநாளும் பயன்பட்டதில்லை.

"என்ன சார், குடித்தனம் மாத்தறீங்களா?" என்றார் நர்ஸ், பையைத் தூக்கிப் பார்த்து.

"நாலு மணி நேரம் உட்காரணுமே சிஸ்டர். படிக்கிறதுக்கு."

வரைபடமோ அற்புதமாக வந்தது. டாக்டர் அம்மாள் அதைத் தன் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஏற்றமில்லை, இறக்கமில்லை, மூன்று மாதமாக ஒரே சீரான கோடு. அடுத்த மாநாட்டுக்கு அதையே எடுத்துப் போகப்போவதாகச் சொன்னார். ரத்த அழுத்தம் மட்டும் ஏனோ ஏறிற்று. ஒரு மாத்திரை எழுதினார். மறுபடி ஏறிற்று, இன்னொன்று எழுதினார். கோட்டைப் பார்த்த கண் கீழே இறங்கிக் காலைப் பார்க்கவில்லை. முத்திரை முழங்கால் வரை காலுறை போட ஆரம்பித்திருந்தார்.

வீட்டில் அவர் மனைவிக்கு வேறு கணக்கு தெரிந்தது. அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவர் லாரிக்கு நேராகப் போனாலும் குரலை உயர்த்தாதவர். கணவர் ஒரு தலையணை போய் இரண்டு, இரண்டு போய் மூன்று என்று அடுக்கிக்கொண்டு படுப்பதைப் பார்த்து, "இன்னொண்ணும் வச்சிட்டீங்கன்னா படுக்கவே வேண்டாம், உட்கார்ந்துக்கலாம்" என்றார்.

"வாயு."

"மாடிப்படியில மூச்சு வாங்குதே, அதுவும் வாயுவா?"

"படி உயரம் ஜாஸ்தி."

"நேத்து ராத்திரி வளர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மாள் வேலைக்குப் போனார்.

பொத்தான் விவகாரத்தைப் பார்த்துவிட்டவர் ஒருவர்தான். ஒரு நாள் ஊசி ஏறி நர்ஸ் நகர்ந்ததும், மளிகைக்காரர் தலையை இந்தப் பக்கம் திருப்பினார்.

"முப்பது வருஷம் கழிச்சு நம்ம தொழிலுக்கு வந்துட்டீங்க சார். ரொம்ப சந்தோஷம்."

"என்ன உளர்றீங்க?"

"பை வச்சு, பொத்தானை அமுக்கி, பையை எடுத்து... விரல் இன்னும் கொஞ்சம் வேகமா போகணும். தட்டு ஆடி நிக்கறதுக்குள்ள ஏறிடறீங்க, அது தப்பு. நான் ஆய்வாளரா இருந்தா பிடிச்சிருப்பேன்."

"கடைக்காரரே, உங்க வேலையைப் பாருங்க."

"நான் என் வேலையைத்தானே பார்க்கிறேன்! நாலு கிலோ ஏறி வந்து, நர்ஸம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, நாலு கிலோவும் இறக்கிட்டுப் போறேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் எடையைக் குறைச்சப்போ நஷ்டம் வாங்க வந்தவனுக்கு சார். இங்க கடைக்காரனும் நீங்கதான், வாங்க வந்த ஏமாளியும் நீங்கதான். இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை."

முத்திரை கண்ணை மூடிக்கொண்டார். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. மெஷின் வீட்டுக்கு வரட்டும். பொத்தான்கள் தன் கையில். உடம்பில் நிற்கும் மூன்றரை கிலோவையும் தினம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் இறக்கிவிடலாம். சட்டத்துக்கு உட்பட்ட மனிதர் சட்டத்தை மீறும்போதுதான் எவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போடுகிறார்!

மூன்று மாதம் முடிந்தது, மெஷின் அனுமதியாயிற்று. கணவன் மனைவி இருவருக்கும் மையத்தில் பயிற்சி. அவர் தன் கையில் தானே ஊசி செருகப் பழகினார். அவர் தடுமாறியபோது மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரமே இல்லை. மெதுவா விடுங்க. நேரா பாருங்க. நின்னுடுச்சா? பரவாயில்லை, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஊசி சரியான இடத்தில் போய் நின்றது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளின் அறையைக் காலி செய்தார்கள். குழாய்க்காரர் வந்து தண்ணீர் இணைப்பும் கழிவுக் குழாயும் போட்டார். வடிகட்டி வந்தது, மெஷின் வந்தது, பெட்டி பெட்டியாகக் குழாய்கள் வந்தன. கூடவே ஒரு புதுத் தராசும் வந்தது.

அதை அவர் சும்மா விடுவாரா? அலுவலகத்திலிருந்து அசல் எடைக்கற்களைக் கொண்டுவந்து, நடு அறையில் வைத்து, நாலு மூலையிலும் ஏற்றி இறக்கிச் சோதித்தார். இம்மி பிசகவில்லை. இவ்வளவு சுத்தமான தராசை அவர் பார்த்து வெகு காலம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வராத குறை. முத்திரையும் குத்தினார்.

அன்று சாயங்காலம்தான் நர்ஸ் தொலைபேசியில் விதியைச் சொன்னார்: "முதல் ஆறு மாசம் எடையை அம்மாதான் பார்க்கணும் சார். வெறுங்கால்ல, வீட்டு உடுப்புல. நான் வீடியோவில இருப்பேன். அம்மா சொல்ற எடையைத்தான் மெஷினுக்குக் கொடுக்கணும்." அந்தத் தராசில் பொத்தானும் கிடையாது.

முதல் டயாலிசிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஜன்னல் வெளிச்சத்தில் மெஷின் பளபளத்தது. தலையணைமேல் சாய்த்து வைத்த போனில் நர்ஸ் தெரிந்தார். மாநாட்டுக்கு ஒரு படம் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் அம்மாளும் சேர்ந்துகொண்டிருந்தார். முத்திரையின் உலர் எடை அறுபத்திரண்டு கிலோ. முந்தாநாள் மையத்தை விட்டுக் கிளம்பும்போதும் அதே அறுபத்திரண்டு என்றுதான் பதிவு. அவர் தராசில் ஏறினார். மனைவி குனிந்து பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"அறுபத்தேழரை."

"என்ன?" என்றார் நர்ஸ். "அஞ்சரை கிலோவா? ரெண்டே நாள்லயா?"

"நான் பார்த்தவரைக்கும் அவர் மாடித் தொட்டியைக் குடிக்கலை" என்றார் மனைவி. "இறங்கி ஏறுங்க."

இறங்கி ஏறினார். அறுபத்தேழரை.

"தராசு தப்பு" என்று டாக்டர் அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வர்ற வழியில எங்கேயோ இடிபட்டிருக்கும். இவர் கிராஃப் எனக்கு மனப்பாடம், ஒரு நாளும் ரெண்டு கிலோ தாண்டினதில்லை. நம்ம வீட்டுலேயே எக்ஸ்பர்ட் இருக்காரே! சார், நீங்களே சொல்லுங்க. தராசு கோளாறுதானே? வேற அனுப்பிடறேன். இன்னைக்கு வழக்கமான ரெண்டு லிட்டரையே எடுத்துடலாம்."

கதவு முழுசாகத் திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. மெஷின் அவருக்கு, தெரு அவருக்கு, வரைபடம் மாநாட்டுக்கு. உள்ளே நிற்கும் மூன்றரை கிலோ தண்ணீர் மட்டும் நெஞ்சுவரை ஏறி, ஒரு நாள் நாலு தலையணைக்கும் அடங்காமல் மூச்சை நிறுத்தும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அவரைத் தடுத்தது அந்தப் பயம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மனசாட்சி என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். தன் உடம்பைப் பற்றி மூன்று மாதம் கூசாமல் பொய் சொன்னவருக்கு, தான் சோதித்து முத்திரை குத்திய தராசைத் தப்பு என்று இன்னொருவர் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்றார். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

"அப்போ நம்ம சென்டர் தராசு தப்பா?"

"அதுவும் சரி."

மனைவி அவரைப் பார்த்தார். சட்டென்று குனிந்து அவருடைய வீட்டு உடுப்பை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. போனை எடுத்து அந்தப் பள்ளத்துக்கு நேராகப் பிடித்தார்.

டாக்டர் அம்மாள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். "எப்படி சார்?" என்று கேட்டார்.

முத்திரை விளக்கினார். பை, பொத்தான், பூஜ்யம், தடவைக்குத் தடவை கூட்டிய கனம், எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற தோரணையில் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. சட்டப் புத்தகம் வந்த இடத்தில் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் ஸ்லைடு..." என்று டாக்டர் அம்மாள் ஆரம்பித்தார். பிறகு அதை விழுங்கிவிட்டு, "உங்க காலை நான் மூணு மாசமா பார்க்கவே இல்லை, இல்லையா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மெஷினை அணைங்க. அஞ்சரை கிலோவை வீட்டுல ஒரே மூச்சுல இறக்கினா மயங்கி விழுந்துடுவீங்க. உடனே இங்க கிளம்பி வாங்க."

மனைவி குரலை உயர்த்தவில்லை. "செருப்பைப் போடுங்க. வண்டியை எடுக்கிறேன்." வழியில் முதல் சிவப்பு விளக்கில் மட்டும், சாலையைப் பார்த்தபடியே, "நீங்க செத்திருந்தீங்கன்னா உங்க தராசெல்லாம் வந்து அழுதிருக்குமா?" என்றார். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்புறம்தான் கியரைப் போட்டார்.

மூன்றரை கிலோவும் ஒரு வாரத்தில் பல தடவையாக இறங்கிற்று. தலையணை ஒன்றானது; மாடிப்படியும் பழைய உயரத்துக்குத் திரும்பியது. மையத்துத் தராசின் பொத்தான்மேல் நர்ஸ் கனமான பிளாஸ்திரி ஒட்டினார். வீட்டு மெஷினுக்கு உறை போட்டார்கள். இன்னும் மூன்று மாதம், இந்தத் தடவை எடையை மனைவி பார்க்க. டாக்டர் அம்மாள் மாநாட்டுக்குப் போனார். வீட்டு டயாலிசிஸில் நோயாளியின் எடையை யார் பார்க்க வேண்டும் என்று பேசினார். கைதட்டல் பலமாக இருந்ததாம். வந்ததும் ஒவ்வொரு நாற்காலியிலும் முதலில் குனிந்து காலை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். மளிகைக்காரருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

மேலதிகாரி சொன்னபடி செய்தார். முத்திரை கிடங்குக்குப் போனார். தான் தூக்கிவந்த தராசுகளுக்கு நடுவே, அவற்றில் ஒன்றைப்போல, மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார். காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் அரை டம்ளர், ராத்திரி மாத்திரைக்கு ஒரு வாய். ஐஸ் கட்டித் தட்டை மனைவி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை கோடு அவ்வளவு சீராக இல்லை, அங்கங்கே பல்லைக் காட்டியது. டாக்டர் அம்மாள், "இதை நம்பலாம்" என்று மெஷினின் உறையை எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் டயாலிசிஸ் ஆரம்பமாகி ஒரு மாதம் கழித்துத் தெரு திரும்பக் கிடைத்தது. முதல் நாள் வெயிலில் கடைத்தெரு முழுக்க நடந்தார். எங்கும் நின்று மூச்சு வாங்கவில்லை. புதிதாக வந்திருந்த ஓர் இரும்புக்கடைக்காரர் பரபரவென்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"ஜில்லுனு கூல்டிரிங்க்?"

"வேண்டாம்."

"ஒரு வாய் தண்ணியாவது குடிங்க சார், இந்த வெயில்ல..."

முத்திரை அந்தத் தண்ணீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணியும் வேண்டாம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. டீ வாங்காத அதிகாரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். தண்ணீர்கூட வாங்காதவரை அன்றுதான் பார்த்தார். யாரும் கேட்காமலே மேசைக்கு அடியில் கையை விட்டு, அங்கே ஒளித்து வைத்திருந்த இன்னொரு தராசை எடுத்து மேலே வைத்தார்.